வயிற்றில் டிஸ்க் இல்லாத சர்வர்கள்

மல்லேஸ்வரத்தில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு நகரம் முழுவதும் சிறு கிளைகள் இருக்கின்றன. கிளைகளில் ரத்தம் எடுப்பார்கள். சோதனை எங்கள் கட்டடத்தில் நடக்கும். முடிவுகள் மாடியிலிருக்கும் சர்வர் அறை வழியாகக் கிளைகளுக்குத் திரும்பிப் போகும். அந்த அறையில் ஆறு சர்வர்கள். அவற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எல்லாத் தகவல்களும் கடைசியில் போய்ச் சேருவது மூலையில் நிற்கும் ஓர் ஆள் உயர இரும்பு அலமாரிக்குள். உள்ளே வரிசை வரிசையாக டிஸ்க்குகள். அதை நாங்கள் ஸ்டோரேஜ் என்போம். அது என் சக ஊழியர் ஒருவரின் பொறுப்பு. லிங்கராஜபுரத்துக்காரர். என்னைவிடச் சில வயது இளையவர். என்னை அண்ணா என்று கூப்பிடுவார். நான் அவரை மேடம் என்பேன். முதலில் கேலியாகத்தான் சொன்னேன், பிறகு அதுவே பழகிவிட்டது.

எனக்கு வீடு ஸ்ரீராம்புரம். நடந்தே வேலைக்கு வந்துவிடுவேன். அவருக்கு அந்தச் சுகம் இல்லை. காலையில் இரண்டு பஸ், மாலையில் இரண்டு பஸ். மழைக்காலத்தில் சிவாஜிநகரில் அடுத்த பஸ்ஸுக்காக நிற்பதிலேயே அரை நாள் போகிறது என்பார். ஒருநாள் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார், "வெளிச்சம் இருக்கறப்போ என் வீட்டு வாசலப் பாத்து எவ்வளவு நாளாச்சு தெரியுமாண்ணா? ஞாயித்துக்கிழமை மட்டும்தான் எங்க கேட்டு என்ன கலர்னு தெரியுது." சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அந்த நேரத்தில்தான் எங்கள் முதலாளி லிங்கராஜபுரத்தில் இரண்டாவது சர்வர் அறை ஒன்று திறக்கப்போவதாக அறிவித்தார். இங்கே ஏதாவது ஆனால் அங்கே வேலை நடக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பார்த்துவைத்த கட்டடம் மேடத்தின் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். அந்த அறையை யார் நடத்துவது என்பது மட்டும் முடிவாகாமல் இருந்தது. வெளி நிறுவனம் ஒன்று, அறையை அமைத்து ஆளையும் நாங்களே போட்டு நடத்துகிறோம் என்று கேட்டிருந்தது. அதன் பிரதிநிதி கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், மடிப்புக் கலையாத சட்டை, எல்லோரிடமும் மரியாதை. வாரம் ஒருமுறை வந்து முதலாளியைப் பார்த்துவிட்டுப் போவார்.

மேடத்திடம் வேறொரு யோசனை இருந்தது. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன் ஒரு சர்வரின் டிஸ்க் பழுதானது. ஒவ்வொரு சர்வரும் எழுந்து நிற்கத் தேவையான மென்பொருள் அதனதன் வயிற்றிலேயே ஒரு டிஸ்க்கில் இருக்கும். அந்த டிஸ்க் போனால் மற்றதெல்லாம் நல்ல நிலையில் இருந்தும் சர்வர் பிணம்தான். புது டிஸ்க் வாங்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றி, அமைப்புகளைச் சரிபார்த்து முடிப்பதற்குள் கிளைகளில் சர்க்கரை அளவு தெரிந்துகொள்ளக் காத்திருந்தவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மேடம் சொன்னது இதுதான்: சர்வர்களின் வயிற்றில் டிஸ்க்கே வேண்டாம். எழுந்து நிற்பதற்கான மென்பொருளையும் ஸ்டோரேஜுக்குள்ளேயே வைத்துவிடலாம். ஒவ்வொரு சர்வருக்கும் அங்கே ஒரு பங்கு. மெல்லிய ஒளிக் கேபிள் வழியாக அது தன் பங்கைத் தேடிப்போய் எழுந்துகொள்ளும். சர்வரின் உடம்பு பழுதானால் வேறு உடம்பைக் கொண்டுவந்து அதே பங்கைக் கொடுத்தால் போதும். கூடு விட்டுக் கூடு பாய்வது மாதிரி.

முதலாளி மைசூர்ப் பக்கத்துக் கன்னடர். எங்களோடு பேசிப் பேசித் தமிழ் பழகியவர். அவருக்கு இது பிடிக்கவில்லை. "உயிர் ஒரு கடே, உடம்பு ஒரு கடே. யாரும்மா ஒப்புவாங்க இதை?" என்றார். கடே என்றால் கன்னடத்தில் பக்கம். ஆனாலும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார். இங்கேயுள்ள ஆறு சர்வர்களையும் இந்த முறைக்கு மாற்றுங்கள். ஆயுத பூஜை வரை எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடினால் லிங்கராஜபுரத்தையும் இதே மாதிரி அமைப்போம், அந்த அறை உங்கள் கையில். இல்லையென்றால் வெளி நிறுவனத்துக்கு.

மாற்றும் வேலையை நானும் மேடமும் சேர்ந்து செய்தோம். என் அனுபவத்தில் மனதுக்கு நிறைவாக இருந்த வாரங்களில் அவையும் சேரும். வேலை கடினமல்ல, ஆனால் வரிசை தவறக்கூடாது. ஸ்டோரேஜோடு பேசுவதற்கு ஒவ்வொரு சர்வரிலும் ஒரு கார்டு உண்டு. கார்டுக்கு ஒரு நீண்ட எண், உலகத்தில் வேறெந்தக் கார்டுக்கும் இல்லாத எண். இந்த எண்காரருக்கு இந்தப் பங்கு என்று மேடம் ஸ்டோரேஜில் எழுதிவைப்பார். நடுவில் கேபிள்களை இணைக்கும் சுவிட்ச் என்ற இரண்டு பெட்டிகளிலும் இவரும் அவரும் பேசிக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுப்பார். விழித்ததும் வயிற்றில் தேடாதே, இந்த வழியாகப் போய்த் தேடு என்று நான் கார்டுக்குச் சொல்லிவைப்பேன். மென்பொருளை ஏற்றும்போது இரண்டு சுவிட்சுகளில் ஒன்றன் வழியை மட்டும் திறந்துவைக்க வேண்டும். இரண்டு வழியும் திறந்திருந்தால் சர்வர் ஒரே டிஸ்க்கை இரண்டாக எண்ணிக் குழம்பும். ஏற்றி முடித்த பிறகுதான் இரண்டாவது வழி. ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் நான் சீட்டு ஒட்டினேன். எங்கிருந்து எங்கே என்று இரண்டு முனையிலும் எழுதியிருக்க வேண்டும் என்பது என் வழக்கம். "கேபிளுக்கு ஜாதகமே எழுதிட்டீங்களேண்ணா" என்றார் மேடம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதம் பிடித்தேன். பழைய சர்வர்களின் அதே ரகத்தில் ஏழாவதாக ஒன்று உதிரியாக வேண்டும், அதன் கார்டிலும் இப்போதே எல்லாம் சொல்லிவைத்திருக்க வேண்டும் என்றேன். முதலாளி முனகிவிட்டு வாங்கிக் கொடுத்தார். ஸ்டோரேஜில் பங்கு எதுவும் இல்லாமல் அது அடுக்கின் அடித்தட்டில் சும்மா இருந்தது.

ஆறு சர்வர்களும் ஒழுங்காக ஓடின. ஆயுத பூஜை நெருங்கும்வரை குறை சொல்ல எதுவும் இல்லை.

எங்கள் நிலையத்தில் ஆயுத பூஜைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. முதலாளி ஒரே ஒரு நுண்ணோக்கியோடு தொழில் தொடங்கிய காலத்திலிருந்து வருவது. அன்று காலை வேலை முடிந்ததும் எல்லா இயந்திரங்களையும் அணைத்துவிடுவார்கள். வருஷம் முழுக்க உழைக்கிற சாமானுக்குக் கொஞ்ச நேரமாவது ஓய்வு வேண்டும் என்பார் அவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சர்வர்களை அணைக்க எனக்கு மனமே வராது. பிறகு அதில் ஒரு நன்மை தெரிந்தது. தூசி தட்டலாம், காற்றாடிகளைப் பார்க்கலாம். எல்லாம் மறுபடி எழுகிறதா என்று வருஷத்துக்கு ஒருமுறையாவது தெரிந்துகொள்ளலாம். பூஜை முடிந்ததும் முதல் சர்வரின் பொத்தானை முதலாளி தன் கையால் அழுத்துவார். அதுவும் வழக்கம்.

அந்த வருஷம் வரிசை மாறவேண்டியிருந்தது. முதலில் ஸ்டோரேஜ் எழ வேண்டும். அதன் விளக்குகள் மஞ்சளில் சிமிட்டிவிட்டுப் பச்சையில் நிலைத்து நிற்க நேரமாகும். அடுத்து சுவிட்சுகள். கடைசியில்தான் சர்வர்கள். முந்தின நாளே இதை மேடம் முதலாளியிடம் பொறுமையாகச் சொன்னார். அவரும் தலையாட்டினார்.

எட்டாவது கிராஸ் மார்க்கெட்டில் சேவந்திப் பூவும் வாழைக்கன்றும் நடைபாதையில் மலைபோலக் குவிந்திருந்த காலை அது. சர்வர் அறைக்குள் புகை கூடாது என்பதால் கற்பூரம் வெளியே காட்டினார்கள். அறைக்குள் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சந்தனப் பொட்டு, குங்குமம், ஒரு பூ. காற்றுப் போகும் துளைகளில் படாமல் நானே வைத்தேன். மேடம் ஸ்டோரேஜின் கதவுக்குச் சின்னச் சரம் ஒன்று கட்டினார். அது அவர் வழிபாடு அல்ல, ஆனாலும் சரம் கட்டுவதில் அவருக்கு இருந்த கவனம் எனக்கு வராது. வெளி நிறுவனத்தின் பிரதிநிதியும் இனிப்பு டப்பாவோடு வந்திருந்தார். கீழே வாசலில் பூசணிக்காய் உடைக்கும் சத்தம் கேட்டது.

மேடம் ஸ்டோரேஜுக்கு மின்சாரம் கொடுத்தார். விளக்குகள் மஞ்சளில் சிமிட்டத் தொடங்கின. அப்போது யாரோ ராகு காலம் வரப்போகிறது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார்கள். மேடம் சுவிட்சுகளுக்குப் பின்னால் குனிந்திருந்தார். முதலாளி முதல் சர்வரின் பொத்தானைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுத்தினார். அத்தோடு நிற்கவில்லை. நல்ல நேரம் போய்விடக்கூடாதே என்று வரிசையாக ஆறையும் அழுத்திக்கொண்டே போனார்.

சிறிது நேரத்தில் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்தது. எழுவதற்கு டிஸ்க் எதுவும் கிடைக்கவில்லை என்று. அடுத்த சர்வரிலும் அதே வரி. கடைசி சர்வருக்குத் திரையில் எதுவுமே வரவில்லை.

பிரதிநிதி மெதுவாக, யாரையும் குறை சொல்லாத குரலில் சொன்னார், "உள்ள ஒரு டிஸ்க் இருந்திருந்தா இந்நேரம் வந்திருக்குமுங்க."

முதலாளி மேடத்தைப் பார்த்தார். நான் மேடத்தின் முகத்தைப் பார்க்கவில்லை, ஸ்டோரேஜின் விளக்குகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் மஞ்சள். நீங்கள் அவசரப்பட்டீர்கள் என்று மேடம் முதலாளியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "சார், பொரி சாப்பிட்டு முடிங்க, அதுக்குள்ள அது எழுந்துடும்" என்று மட்டும் சொன்னார். முதலாளி பொரிகடலைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சாப்பிடவில்லை.

பச்சை நிலைத்தது. சுவிட்சுகள் எழுந்தன. ஒவ்வொரு சர்வராக நான் மறுபடி கிளப்பினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஐந்தும் தங்கள் பங்கைக் கண்டுபிடித்து எழுந்து நின்றன. ஆறாவது மட்டும் எழவில்லை. அது ஸ்டோரேஜைத் தேடிக் கிடைக்காமல் நிற்கவில்லை. காற்றாடியே சுற்றவில்லை. வருஷம் முழுக்க அணையாமல் ஓடும் பழைய சாமான்களில் இப்படி நடப்பதுண்டு. அணைத்து ஏற்றும்போதுதான் உள்ளே எது வலுவிழந்திருக்கிறது என்று தெரியும்.

கிளைகளுக்கு முடிவுகளை அனுப்புவது அந்த ஆறாவதுதான். மதியத்துக்கு மேல் கிளைகள் மறுபடி திறக்கும். காலையில் எடுத்த ரத்தத்தின் முடிவுகளைக் கேட்டு ஆட்கள் வருவார்கள்.

முதலாளி கேட்டார், "ஆகுமா, ஆகாதாம்மா? உண்மையைச் சொல்லு."

மேடம் சொன்னார், "ஆகணும் சார். ஆனா உதிரி உடம்புல இதுவரைக்கும் நாங்க செஞ்சு பாத்ததில்ல. செய்யவா?"

பிரதிநிதி எதிரே நிற்கிறார். செய்து பார்த்ததில்லை என்பதை அவர் சொல்லாமலே விட்டிருக்கலாம். எனக்கு அப்போது அப்படித்தான் தோன்றியது. முதலாளி "செய்" என்றார்.

மேடம் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். உதிரிக்குப் பங்கைக் கொடுப்பதற்கு முன், ஆறாவது சர்வரின் எண்ணை அந்தப் பங்கிலிருந்து நீக்கினார். அவர் எண்ணை ஒவ்வோர் இலக்கமாகப் படிக்க, நான் பின்னாலிருந்து ஒப்பிட்டுச் சொன்னேன். அதன் பிறகுதான் உதிரியின் எண்ணைச் சேர்க்கப் போனார்.

இதற்குள் எங்கள் எலக்ட்ரீஷியன் வந்துவிட்டார். பாய் என்போம் அவரை. சிவாஜிநகரில் கடை வைத்திருக்கிறார், எங்கள் கட்டடத்தின் ஒவ்வொரு கம்பியும் அவருக்குத் தெரியும். செத்த சர்வரைப் பார்த்ததும் அவருக்குக் கை நிற்கவில்லை. பின்னால் போய் மின்சார ஒயரைப் பிடுங்கி, துடைத்து, வேறு சாக்கெட்டில் செருகினார். பெரும் இரைச்சலோடு காற்றாடி சுற்றியது. "உயிர் வந்துடுச்சு சாப்!" என்றார். முதலாளியின் முகம் மலர்ந்தது. பாயின் தோளில் தட்டினார்.

நான் மட்டும் மேடத்தின் திரையை எட்டிப் பார்த்தேன். ஒரே பங்கில் இரண்டு சர்வர்கள் ஒரே நேரத்தில் எழுதத் தொடங்கினால் அந்தப் பங்கு அதோடு போயிற்று. உதிரியும் இல்லை, பழையதும் இல்லை, முடிவுகளும் இல்லை. ஆனால் மேடம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரையில் ஆறாவது சர்வர் அதே வெள்ளை வரியைக் காட்டியது. டிஸ்க் கிடைக்கவில்லை. கிடைக்காது, எண்ணை நீக்கியாகிவிட்டதே.

முதலாளிக்குப் புரியவில்லை. "இது வந்துடுச்சே, ஏன் டிஸ்க் இல்லைங்குது? பழையபடி இதுக்கே குடுத்துடேன். ஒந்து நிமிஷ வேலைதானே?"

அது நியாயமான கேள்விதான். கொடுத்துவிடலாம், உடனே ஓடும், பூஜை நல்லபடியாக முடிந்ததாகவும் ஆகும். பிரதிநிதியும் அதுவே சரி என்றார். செய்து பார்க்காத வேலையை இப்போது எதற்கு மேடம், பழையதே ஓடட்டும் என்று நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார்.

மேடம் நாற்காலியைத் திருப்பினார்.

"செத்துப் பிழைச்சவன் கையில வீட்டுச் சாவியக் குடுக்க வேண்டாம் சார். இன்னிக்கு நாமெல்லாம் நிக்கறப்போ எழுந்துடுச்சு. ராத்திரி யாரும் இல்லாதப்போ படுத்துடுச்சுன்னா? பாய், அந்த ஒயரக் கழட்டிடுங்க."

பாய் முதலாளியைப் பார்த்தார். முதலாளி பொரியை வாயில் போட்டுக்கொண்டு, கழற்றும்படி கையைக் காட்டினார்.

மேடம் உதிரியின் எண்ணைச் சேர்த்தார். சுவிட்சுகளில் அனுமதி கொடுத்தார். நான் அடித்தட்டுக்குக் குனிந்து உதிரியின் பொத்தானை அழுத்தினேன். அதற்கு நான் பொட்டு வைத்திருக்கவில்லை என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. கார்டு ஸ்டோரேஜைத் தேடியது. கண்டுபிடித்ததாக ஒரு வரி. ஸ்டோரேஜின் பெயர் திரையில் வந்தது. பிறகு ஆறாவது சர்வர் தினமும் காட்டுகிற அதே முகப்பு, வேறோர் உடம்பில் விரிந்தது. புது உடம்பின் நெட்வொர்க் கார்டை மென்பொருளுக்கு அடையாளம் தெரியவில்லை. பழைய முகவரியை நான் அதற்குக் கொடுத்தேன். முடிந்தது.

முதலாளி, பூஜைக்காக ஆட்கள் இருந்த கிளை ஒன்றுக்குப் போன் செய்து, ஏதாவது ஒரு முடிவை எடுத்துப் பார்க்கச் சொன்னார். வந்துவிட்டது என்றார்கள். இன்னொன்றைப் பார்க்கச் சொன்னார். அதுவும் வந்தது. போனை வைத்துவிட்டு என்னிடம், அடித்தட்டிலிருப்பதற்குக் குங்குமம் வை என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

பிரதிநிதி மேடத்தின் மேஜையில் இனிப்பு டப்பாவை வைத்தார். "நல்லாப் பண்ணீங்க மேடம். எங்க ஆளுங்களா இருந்தா பழையதுக்கே குடுத்துட்டுக் கிளம்பியிருப்பாங்க" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் கசப்பு இல்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றுதான்.

முதலாளியின் முடிவு தெரிய விடுமுறை முடியும்வரை காத்திருந்தோம். மேடம் அந்த நாட்களில் லிங்கராஜபுரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு காலை முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அறை மேடத்துக்கு. மின்சாரம், ஏசி, கட்டடம் மட்டும் வெளி நிறுவனத்துக்கு. பிறகு ஒரு காரணமும் சொன்னார். மிஷின் எழுந்தது பெரிசில்லை, அது எப்படியும் எழுந்திருக்கும். செய்து பார்த்ததில்லை என்று அத்தனை பேர் முன்னால் சொன்னாளே, அந்த மாதிரி ஆள் கையில் அறையைக் கொடுத்தால் நான் தூங்கலாம் என்றார். நான் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று நினைத்த அதே வார்த்தை. மேடம் தாங்க்ஸ் சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, தண்ணீர் வைத்திருக்கும் இடத்தில் நின்று இரண்டு டம்ளர் குடித்தார்.

லிங்கராஜபுரத்து அறையை நாங்கள் இரண்டு பேருமாக அமைத்தோம். அங்கேயும் சர்வர்களுக்கு வயிற்றில் டிஸ்க் கிடையாது. அங்கேயும் உதிரி ஒன்று உண்டு, அதற்கும் கார்டில் எல்லாம் சொல்லிவைத்திருக்கிறோம். மல்லேஸ்வரம் அறையில் இப்போது நான் தனி ஆள். மதியச் சாப்பாட்டின்போது பேச்சுத்துணை இல்லை என்பது ஒரு குறைதான். ஆனால் தினமும் போனில் பேசிக்கொள்கிறோம், பெரும்பாலும் டிஸ்க்குகளைப் பற்றி.

அங்கே கடைசிக் கேபிளுக்குச் சீட்டு ஒட்டி முடித்த அன்று மேடம் என்னைத் தன் வீட்டுக்குக் காபிக்குக் கூப்பிட்டார். அறையைப் பூட்டிக்கொண்டு இறங்கினோம். வழியில் தள்ளுவண்டியில் கீரை வாங்கினார். கட்டைப் பிரித்து இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வண்டிக்காரர், சீக்கிரம் எடுத்துக்கம்மா, பூச்சி இருந்தா நான் சொல்ல மாட்டேனா என்றார். தெருவில் பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வளைவு திரும்பியதும் மேடம் நின்று கையைக் காட்டினார். சின்ன வீடு, முன்னால் இரண்டு ரோஜாத் தொட்டி, கேட் பச்சை நிறம்.

"பெயிண்ட் உரிஞ்சு போயிருக்கு பாருங்கண்ணா" என்றார். "இவ்வளவு நாளா எனக்குத் தெரியவே இல்ல."

அடுத்த சனிக்கிழமையே ஆளைக் கூப்பிட்டு அடிக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டே கேட்டைத் திறந்தார். உள்ளே போய்க் காபி குடித்து முடித்த பிறகும் ஜன்னலில் வெயில் இருந்தது.